பாலம் திறக்காத திகதி

தொலைபேசியில் நிஹாரா எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
கேணல் பதறுறாராம் மிஸ்.
எந்தக் கேணல், என்றது அவளுக்குப் பின்னால் ஓர் ஆண்குரல்.
இந்த ஊரில் அது சிரித்துக்கொண்டு கேட்கிற கேள்வியில்லை.
கேர்னல், என்றேன். ஆளில்லை. லினக்ஸின் உள்ளே இருப்பது.
பதறினால் நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.
வயரைக் கழற்றிக் கொண்டுவாங்கோ.

கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்தது பெட்டி,
உரப்பையில் கட்டி,
ஐஸ் தொழிற்சாலையின் மீன் வாடையோடு.

டொக்யார்ட் வீதியில் என் மேசை.
பொத்தானை அழுத்த
மூன்று பீப்.
ஒரு மூச்சு விட்டு
மூன்று பீப்.
றாம், றாம் என்கிறது.
வேறெதுவும் சொல்ல வரவில்லை அதற்கு.

ஜன்னல் கடல் பக்கமா?
ஜன்னல் இல்ல மிஸ், கதவுதான் கடலுக்கு.

பொன் பற்களில் பச்சை பூத்திருந்தது உப்பு.
பள்ளிக்கூடத்து அழிறப்பரால் தேய்த்தேன்,
ஒரு பக்கம், மறு பக்கம்,
தூளை ஊதி, மறுபடி தேய்த்து.
வாசலில் ஒரு மான் நின்று
நான் நேற்று எழுதிய பற்றுச்சீட்டைத் தின்றது.
நகரசபைக்கு முறையிடலாம்.
அதையும் கடதாசியில்தான் எழுதவேண்டும்.

இப்போது ஒரே பீப்.
கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடி
ஓரிடத்தில் முட்டி நின்றன:
வட்டைக் கடைசியாகத் திறந்த நேரம்
எதிர்காலத்தில் இருக்கிறது.

நிஹாரா இரண்டு தரம் வாசித்தாள்.

மதர்போர்டில் நாணயம் அளவில் ஒரு பற்றரி, செத்துவிட்டது.
அது செத்தால்
மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு தரமும் பெட்டி
தான் பிறந்த திகதிக்குத் திரும்பிவிடும்.
2009, தை ஒன்று, நள்ளிரவு.

அப்ப பாலம் தொறக்கல்லயே மிஸ், என்றாள்.
பாதையிலதானே வரணும்.

உண்மைதான்.
நாங்கள் பாலத்தால் வந்து இக்கரையில் தேத்தண்ணி குடிக்கிறோம்,
பெட்டி இன்னும் துறையடியில்
பாதைக்கு வரிசையில் நிற்கிறது.

மணிக்கூட்டுக் கடையில் பற்றரி நூற்றைம்பது ரூபாய்.
போட்டு, திகதியைச் சொல்லிக்கொடுத்து,
வட்டைச் சரிபார்க்க விட்டேன்.
திருத்தவா? ஆம்.
திருத்தவா? ஆம்.
நாற்பதாவது ஆமில் விரல் சலித்து
எல்லாவற்றுக்கும் ஆம் என்று கொடுத்தேன்.

தொலைந்ததும் கிடைத்ததும் என்று
ஒவ்வொரு வட்டிலும் ஒரு கோப்புறை உண்டு.
அநேகமாக வெறுமையாய்க் கிடக்கும்.
இன்று அதில் முப்பத்தொரு கோப்புகள்,
பெயரில்லை, எண் மட்டும்.

மெதுவாகத்தான் உருட்டினேன் அந்தப் பட்டியலை.
எங்கள் வீட்டிலும் ஒரு கோப்பு இருக்கிறது,
ஆணைக்குழு ஒன்று தந்தது.
அதில் எண்ணும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது.
ஆளில்லை.

திறங்க மிஸ், என்றாள்.

முதலாவது: கடல் மயில், ஆறு பார், கடன்.
இது மாசி மாசக் கணக்கு, என்றாள், பெயரிட்டேன்.
அடுத்தது: மர்சூக் காக்கா, மூணு பார், வெள்ளிக்குத் தருவார்.
தரல்ல, என்றாள். பெயரிட்டேன்.
இப்படியே போயிற்று. வியர்வையில் எலி வழுக்கியது.
கடைசியில் ஒரு படம்,
மேலே விரலளவு வானம், மிச்சமெல்லாம் சாம்பல்.
யார் எடுத்தது, எங்கே, அவளுக்கும் தெரியவில்லை.
அழிக்கவா என்று கேட்டது பெட்டி.
முதல் தடவையாக இல்லை என்றேன்.

ஐந்து மணி. எல்லாம் ஓடுகிறது.
சத்தம் மட்டும் வரவில்லை.
ஒலி அட்டை தெரிகிறது, மௌனம் நீக்கியிருக்கிறது,
வயரை மாற்றினேன், ஸ்பீக்கரை மாற்றினேன்,
கேர்னலைக் கூடப் பழையதுக்கு இறக்கிப் பார்த்தேன்.
ம்ஹும்.

இன்னொரு நாள் கொண்டுவாங்கோ, பார்ப்பம்.

சத்தம் எதுக்கு மிஸ், என்று
உரப்பையின் வாயைக் கட்டினாள் நிஹாரா,
ஐஸ்தானே விக்கிறம்.